ஏக்கர் தெரியும், ஆழம் தெரியுமா?

எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் நிலம் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஏக்கர்?" அடுத்தது, "தண்ணி எப்படி?" அதற்கடுத்தது, "வண்டிப் பாதை இருக்கா?" பிறகு பட்டா, வில்லங்கம், விலை. "மண் எத்தனை அடி?" என்று வாங்க வந்தவர் ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. கிணறு வெட்டுகிறவர்தான் அதைக் கொஞ்சம் கவனிப்பார். அவருக்கும் மண்ணில் அக்கறை இல்லை. எத்தனை அடியில் பாறை தட்டும், அதுவரை வெட்டுக்கூலி எவ்வளவு, அதற்குப் பிறகு வெடிக்கூலி எவ்வளவு என்பதுதான் அவர் கணக்கு.

அரசுப் பணியில் எனக்கு வாய்த்தது மண் பாதுகாப்பு வேலை. கல் வரப்பு, சம உயர வரப்பு, ஓடைத் தடுப்பணை என்று கொல்லிமலை, சேர்வராயன், போதமலை, கல்வராயன் சரிவுகளில் நடந்தே செருப்பு தேய்ந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. எந்தக் காட்டுக்குப் போனாலும் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் குத்திப் பார்க்கும் பழக்கம் விடவில்லை. (எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைத்தான் காடு என்போம். வெளியூர் நண்பர்கள் வனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.) இந்தப் பழக்கத்திலிருந்து எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. நம் மலைச்சரிவு நிலங்களுக்கு ஏக்கர் கணக்கு போதாது. ஆழக் கணக்கு வேண்டும். அதை எழுதி வைக்க வேண்டும். எந்தப் பயிருக்கு ஊக்கம் கொடுப்பது, எங்கே இயந்திரத்தை விடுவது என்பதையெல்லாம் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆழம் என்று எதைச் சொல்கிறேன் என்பதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அடுத்த முறை ஏறும்போது வாந்தி வராத பாக்கியசாலிகள், சாலைக்காக வெட்டிய கரையைக் கவனியுங்கள். மேலே புல்லும் வேரும் பின்னிய கருத்த மண், ஒரு சாண் இருக்கும். அதன் கீழே செம்மண்ணும் சரளையும் கலந்து ஒரு முழம். அதற்கும் கீழே, கையில் எடுத்து நொறுக்கினால் உதிர்கிற மக்கிய பாறை. அப்புறம் கருங்கல். சில இடங்களில் நடு அடுக்குகள் இரண்டும் இருக்காது. சாண் மண்ணுக்கு அடியிலேயே பாறை பல்லைக் காட்டும்.

மலை முழுவதும் இப்படி இல்லை. உச்சியில் தட்டையாக உள்ள இடங்களில், மழை ஓடிப் போகாமல் ஊறி ஊறி, பாறை ஆழமாக மக்கியிருக்கிறது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டி மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோன பாக்சைட், அப்படி நெடுங்காலம் மக்கியதன் மிச்சம்தான். பள்ளத்தாக்குகளிலும் மேலிருந்து இறங்கிய மண் சேர்ந்து ஆழமாக இருக்கும். கொல்லிமலையில் ஊற்றுநீர் பாயும் நெல்வயல்கள் அங்கேதான். ஆழம் இல்லாதது இரண்டுக்கும் இடையில் உள்ள சரிவு. நம் காலத்தில் உழவு விரிந்ததும் அந்தச் சரிவில்தான்.

கல் கருப்பு, மண் சிவப்பு என்பதால், "இதெல்லாம் ஒரு காலத்தில் எரிமலையாமே சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. ஏற்காடும் கொல்லிமலையும் சார்னோக்கைட் என்ற பாறையால் ஆனவை. பூமிக்கு மிக ஆழத்தில், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அந்தப் பெயருக்கு ஒரு சுவையான கதை உண்டு. கல்கத்தா நகரைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. அதை ஆராய்ந்து 1893இல் எழுதிய தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியல் அறிஞர், அந்த மனிதரின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். சென்னைப் பரங்கிமலையில் இருப்பதும் இந்த இனம்தான்.

சேலத்துக்கு வடக்கே ஏற்காடு அடிவாரத்தை ஒட்டிய சுண்ணாம்புக் கரடு வேறு ரகம். அங்கே உள்ளது பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக மேலேறி, வெளியே வராமல் உள்ளேயே உறைந்த பாறை. எரிமலைக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். பெயர்தான் சுண்ணாம்பு. வெள்ளை வெளேரென்று கோடு கோடாக ஓடுவது மேக்னசைட், அதாவது வெள்ளைக்கல். அந்தக் கரட்டு மண்ணில் மக்னீசியம் மிகுதி, பயிருக்கு வேண்டிய கால்சியம் குறைவு. அதனால்தான் அங்கே முள்ளும் புதரும் தவிர மற்றதெல்லாம் குன்றிப்போய் நிற்கின்றன.

உண்மையான எரிமலைச் சரிவுகளோடு நம் சரிவை ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். ஹவாய் தீவில் புதிதாக ஓடி உறைந்த எரிமலைக் குழம்பின் மேல் மண் மெல்லியதாக இருக்கக் காரணம், அந்தப் பாறை இன்னும் குழந்தை. மக்குவதற்குக் காலம் போதவில்லை. ஜாவாவில் எரிமலைச் சாம்பல் விழுந்த சரிவுகளில் மண் ஆழமாகவும் வளமாகவும் இருக்கிறது. மலை குமுறும்போதெல்லாம் புதுச் சாம்பல் வந்து சேர்கிறது. நம் மலை கிழவர். மக்குவதற்குக் காலம் இல்லாமல் போகவில்லை. மக்கிய மண் சரிவில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. ஜாவாக்காரருக்கு இழந்த மண்ணை ஈடுகட்ட மலையே உண்டு. நமக்கு அப்படி மேலிருந்து எதுவும் வராது. ஓர் அங்குல மண் புதிதாக உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். இருப்பதைத்தான் பார்த்துச் செலவழிக்க வேண்டும்.

சரி, ஆழம் குறைந்தால் என்ன? உரம் போட்டால் ஆயிற்று என்று நினைக்கலாம். உரத்தை வாங்கிப் போட்டுவிடலாம், தண்ணீரை வைத்துக்கொள்ளும் இடத்தை வாங்க முடியாது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மணலும் களியும் கலந்த சாதாரணச் செம்மண், பயிர் உறிஞ்சிக்கொள்ளக்கூடிய ஈரமாகத் தன் பருமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைக்கும். ஒரு அடி, அதாவது 30 சென்டிமீட்டர் மண் என்றால் 30 மில்லிமீட்டர் தண்ணீர். வளர்ந்த பயிர் வெயில் நாளில் 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை குடிக்கும். ஆக, ஓர் அடி மண் மழைக்குப் பிறகு ஏழு நாள் தாங்கும். மூன்றடி மண் மூன்று வாரம் தாங்கும். சரளை கலந்திருந்தால் இதிலும் குறையும். கல் தண்ணீரைப் பிடித்துவைக்காது.

மேட்டுக்காட்டில் ஒரே மழை, ஒரே விதை, ஒரே உழைப்பு. ஒரு ஓரம் பச்சையாக நிற்கும், இன்னொரு ஓரம் பத்தாம் நாளே சுருளும். "விதை சரியில்லை", "மருந்து சரியில்லை" என்பார்கள். பல நேரம் விஷயம் கீழே இருக்கும் பாறைதான்.

இதைப் படிப்பில்லாமலே அறிந்தவர்கள் மலைவாழ் மக்கள். கொல்லிமலையில் சோளக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் தன் காட்டில் கடப்பாரையை நாலைந்து இடத்தில் போட்டுக் காட்டினார். "இங்க கேளுங்க சார், சதக்குனு போகுதா? இங்க கெழங்கு போடலாம். இங்க பாருங்க, ணங்குனு கேக்குதா? ஒரு சாணுதான். இங்க வெச்சா கெழங்கு கல்லுல முட்டி வளைஞ்சுக்கும். சாமைக்குத்தான் ஆகும்." நான் பயிற்சி வகுப்பில் நாலு நாள் கேட்டதை அவர் நாலு குத்தில் சொல்லிவிட்டார்.

சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு எல்லாம் இந்தச் சரிவுகளுக்கென்றே ஆன பயிர்கள். வேர் மேலாகவே பரவி, கிடைத்த ஈரத்தை வாரிக்கொள்ளும். சாமையில் குறுகிய நாளில் முடிகிற ரகங்களும் உண்டு. கதிரை அறுத்துக்கொண்டால் தாளும் வேரும் மண்ணிலேயே கிடந்து பிடித்துக்கொள்ளும். கொல்லிமலையில் சாமையிலேயே மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை என்று பல ரகங்களை வைத்திருந்தார்கள். இத்தனை ரகம் எதற்கு என்று பட்டணத்துக்காரருக்குத் தோன்றும். எந்தக் காட்டுக்கு எது தாங்கும் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த கையிருப்பு அது என்பது என் எண்ணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே தங்கி இந்த ரகங்களைக் காக்க வேலை செய்ததும் அவற்றின் அருமை தெரிந்துதான்.

அந்த இடத்தைப் பிடித்தது மரவள்ளி. எங்கள் ஊர்ப் பேச்சில் குச்சிக்கிழங்கு. சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் 1940களில் தொடங்கியது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் இந்தக் கிழங்கை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. எங்கள் வீட்டுப் பாயசமும் அதை நம்பித்தான். கிழங்கின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. சமவெளியில், மூன்றடி நாலடி மண்ணில், சொட்டுநீர் போட்டுத் தாராளமாக வைக்கட்டும்.

ஆனால் சரிவில், ஒரு முழ மண்ணில், அது செய்கிற வேலையைப் பாருங்கள். மூன்றடிக்கு ஒரு கரணை ஊன்றுகிறோம். முதல் மூன்று மாதம் இலை மண்ணை மூடாது. ஊன்றுவதோ மழையை நம்பி. ஆக, மழை அடிக்கிற மாதத்தில் மண் வெறும் உடம்போடு நிற்கிறது. ஒன்பது பத்து மாதம் கழித்து அறுவடை. கதிர் அறுப்பதுபோல மேலோடு போவதில்லை. செடியைப் பிடித்து ஆட்டி, மண்ணைக் கிளறி, வேரோடு பிடுங்குகிறோம். வேர்தானே விளைச்சல்! கிளறிய மண் பொலபொலவென்று கிடக்கும். அடுத்த மழை அதை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கும். கிழங்கு லாரியில் சேகோ ஆலைக்குப் போகிறது. மண் தண்ணீரோடு ஆற்றுக்குப் போகிறது. கிழங்குக்கு எடை போட்டுப் பணம் கொடுக்கிறார்கள்.

மண்ணுக்கும் எடை போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் போனால் நாலு கன மீட்டர், கிட்டத்தட்ட ஐந்து டன். ஒரு மில்லிமீட்டர் போனதைக் கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஓர் அடி மண் நூறு ஆண்டில் தீரும். ஐந்து மில்லிமீட்டர் என்றால் அறுபது ஆண்டு. இது அளந்து சொன்ன கணக்கு அல்ல, வகுத்துச் சொன்ன கணக்கு. ஆனால் தாத்தா காடு திருத்தினார், பேரன் பாறை மேல் நிற்கிறான் என்ற நிலைக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதை இது காட்டும். முழுவதும் தீரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பாதி போனாலே ஏழு நாள் தாங்கிய காடு மூன்றரை நாள்தான் தாங்கும். அந்த நிலத்தில் மானாவாரி என்பது சூதாட்டம்.

"அகல உழுவதை விட ஆழ உழு" என்பது நம் பெரியவர்கள் சொன்ன பழமொழி. ஆழமான சமவெளி மண்ணுக்கு அது சரி. ஒரு முழ மண்ணில் ஆழ உழுதால் என்ன வரும்? சரளையும் கல்லும் மேலே வரும், நல்ல மண் கீழே போகும், மிச்சம் மழையில் போகும். இப்போது அதைவிடப் பெரிய ஆபத்து வந்திருக்கிறது. ஜே.சி.பி.யை மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்து, சரிவை வெட்டி ஒரே நாளில் தட்டையாக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். வெட்டிய பக்கம் மக்கிய பாறை வெளியே வந்துவிடும். தள்ளிய பக்கம் பிடிமானம் இல்லாத மண்மேடு நிற்கும். அந்தக் காலத்தில் கல்லைப் பொறுக்கி வரப்பாக அடுக்கி, மண் தானாக வந்து தேங்கி, பத்து இருபது வருஷத்தில் படிப்படியாக உருவான வயல் வேறு. இது வேறு.

இவ்வளவு முக்கியமான ஆழம், நம் காகிதங்களில் எங்கே இருக்கிறது? இதுதான் என் முக்கியமான குறை.

நிலத்தை அளந்து உழவரிடம் நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை உருவானதே எங்கள் மண்ணில்தான். 1792இல் பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து, தரம் பிரித்து, வரி விதித்தார்கள். இன்றும் நம் 'அ' பதிவேட்டில் "மண் வயனமும் ரகமும்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் காலத்தில் மண்ணைத் தொட்டுப் பார்த்து எழுதியதன் தொடர்ச்சி அது. களியா, மணலா, நல்லதா, சுமாரா என்பது வரை பார்த்தார்கள். அது வரிக்கான கணக்கு என்பதால் அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. எத்தனை அங்குலம் என்பதற்கு அதில் தனிக் கட்டம் இல்லை.

இந்தக் காலத்துக்கு வருவோம். 2015இல் மத்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம்; உழவர் கையில் மண்ணைப் பற்றி ஒரு காகிதம் வந்ததே பெரிய விஷயம். அதில் 12 அளவுகள்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம். பதின்மூன்றாவதாக ஆழம் இல்லை. மாதிரி எடுப்பதே மேலாக அரையடிக்குள்தான். அதனால் ஓர் அடி மண் உள்ள சரிவுக் காட்டுக்கும், ஐந்தடி மண் உள்ள பள்ளத் தோட்டத்துக்கும் ஒரே மாதிரி அட்டை வரலாம், ஒரே உரப் பரிந்துரையும் வரலாம்.

அறிவியலுக்கு ஆழம் தெரியாது என்று சொல்லவில்லை. நாக்பூரில் உள்ள தேசிய மண் ஆய்வு, நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனத்தின் வரைபடங்களைப் பாருங்கள். 25 சென்டிமீட்டருக்குக் கீழே மிகவும் ஆழம் குறைந்தது, 25 முதல் 50 வரை ஆழம் குறைந்தது, 100க்கு மேல் ஆழமானது என்று வகை பிரித்தே வைத்திருக்கிறார்கள். சரிவையும் ஆழத்தையும் சேர்த்துப் பார்த்து, இந்த நிலம் உழவுக்கு ஆகும், இது மேய்ச்சலுக்கு, இது மரத்துக்கு என்று எட்டு வகுப்புகள் உண்டு. ஆனால் அந்த வரைபடம் அலுவலக அலமாரியில் இருக்கிறது. உழவர் கையில் இருக்கும் காகிதத்துக்கு அது இறங்கி வரவில்லை. பயிர்க்கடன் கொடுக்கிறவரும், மானியம் கொடுக்கிறவரும், காப்பீடு போடுகிறவரும் பார்க்கும் காகிதத்தில் ஏக்கர் இருக்கிறது, பயிர் இருக்கிறது, ஆழம் இல்லை.

என் யோசனைக்குப் பெரிய செலவில்லை. நல்ல மழை பெய்த மறுநாள், மண் பதமாக இருக்கும்போது, ஒரு கூர்மையான இரும்புக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குலக் கணக்கில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கருக்குப் பத்து இடத்தில் குத்திப் பாருங்கள். கல் தட்டினால் ஒரு சாண் தள்ளி மறுபடி குத்துங்கள். தனிக்கல்லா பாறையா என்று தெரிந்துவிடும். எழுதி வையுங்கள். ஒரு காட்டுக்கு அரை நாள் வேலை. ஊராட்சிக்கு இரண்டு இளைஞர்களைப் பழக்கினால், ஒரு மழைக்காலத்தில் மலைக் கிராமங்கள் பலவற்றை முடித்துவிடலாம். அதை மண்வள அட்டையில் பதின்மூன்றாவது கட்டமாகச் சேர்த்துவிட்டால் போதும். ஐந்து ஆண்டு கழித்து அதே இடங்களில் மறுபடி குத்திப் பார்த்தால், மண் நிற்கிறதா போகிறதா என்பதும் ஓரளவு தெரியும்.

எழுதி வைத்தால் என்ன ஆகும்? முடிவுகள் மாறும். ஓர் அடிக்குக் குறைந்த சரிவில் கிழங்குக்குக் கொடுக்கும் ஊக்கத்தைச் சாமைக்கும் தினைக்கும் மாற்றலாம். இரண்டடி உள்ள இடத்தில் மிளகும் காப்பியும் நிழல் மரமும் வைக்கலாம். ஏற்காட்டில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். நிழலில் வளரும் காப்பித் தோட்டத்தில் இன்றும் காலடியில் இலைச்சருகு மெத்தைபோல் கிடக்கிறது, மழைத்துளி நேராக மண்ணில் அடிப்பதில்லை. நாலடி உள்ள பள்ளத்தில் கிழங்கு வைத்துவிட்டுப் போகட்டும். ஜே.சி.பி. எங்கே கூடாது என்பதையும் அந்த எண்ணே சொல்லிவிடும்.

கல்லையும் வேறு கண்ணால் பார்க்கலாம். மொரீசியஸ் ஓர் எரிமலைத் தீவு. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனவர்களில் நம் தமிழர்களும் கணிசமாக உண்டு. கரும்பு போட வேண்டுமென்றால் முதலில் எரிமலைக் கல்லைப் பொறுக்கியாக வேண்டும். பொறுக்கிய கல்லை வயலுக்கு நடுவிலேயே கோபுரம்போல் குவித்தார்கள். அந்தக் குவியல்கள் இன்றும் கரும்புக் காட்டில் நிற்கின்றன. எத்தனை பேருடைய முதுகு ஒடிந்த உழைப்பு அது! நம் சரிவிலும் கல் பொறுக்காமல் வெள்ளாமை இல்லை. ஆனால் இங்கே அதைக் குவித்து வைத்தால் இடம்தான் கெடும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், முழங்கால் உயரத்துக்கு அடுக்கினால் அதே கல் மண்ணைத் தடுக்கும், தண்ணீரை மெதுவாக விடும். சிமெண்ட் வேண்டாம். நூறு நாள் வேலையில் செய்யக்கூடிய நல்ல வேலை இது. ஆண்டுதோறும் சரிந்த கல்லை எடுத்து வைக்கவும் ஆள்கூலி ஒதுக்க வேண்டும். கட்டியதோடு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால், மூன்றாம் மழைக்கு வரப்பு ஓடையில் கிடக்கும்.

இதற்கு வரும் எதிர்வாதம் எனக்குத் தெரியும். "மலையில் இருப்பவன் மட்டும் சாமை தின்றுகொண்டு ஏழையாகவே இருக்க வேண்டுமா? கிழங்கு வந்த பிறகுதானே அவன் வீட்டுக்கு ஓடு வந்தது, பிள்ளை காலேஜுக்குப் போனான்?" நியாயமான கேள்வி. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவனுக்குப் பயிர் சொல்வது எளிது. சாமையை உரலில் குத்தி அரிசியாக்க ஒரு பெண் படும் பாட்டைப் பார்த்தவர்கள், அவள் ஏன் கிழங்குக்கு மாறினாள் என்று கேட்க மாட்டார்கள். அவர்கள் மேல் பழி போடுவது என் நோக்கம் இல்லை.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில், "அதனால் கிழங்கே போடட்டும்" என்பதல்ல. மண் போய்விட்டால் அவனுக்குக் கிழங்கும் இல்லை, சாமையும் இல்லை. அப்போது அவன் போகப் போவது திருப்பூருக்கோ கேரளாவுக்கோ கூலிக்கு. சாமைக்குக் கிழங்குக்கு இணையான வருமானம் வர வழி செய்ய வேண்டும். உமி நீக்கும் இயந்திரம் ஒவ்வொரு நாட்டுக்கும் (கொல்லிமலையில் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள்) ஒன்றாவது வேண்டும். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டு நம் அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. அந்த வழியில், நாமக்கல் சேலம் மாவட்ட விடுதிகளுக்கும் சத்துணவுக்கும் மலைச் சாமையை நல்ல விலைக்கு வாங்கலாம். சென்னையில் சாமை அரிசியைக் கண்ணாடி ஜாடியில் வைத்து விற்கும் விலையில் பாதி அவனுக்குப் போனாலே போதும், கடப்பாரை ணங்கென்று ஒலிக்கும் இடத்தில் அவனே கிழங்கு வைக்க மாட்டான்.

இன்னொன்று, இது மலையில் இருப்பவர் பிரச்சினை மட்டும் இல்லை. ஆகாய கங்கையில் விழும் ஐயாறும், சேலத்தின் நடுவே வரும் திருமணிமுத்தாறும், ஆத்தூர் வழியாகப் போகும் வசிஷ்ட நதியும் இந்தச் சரிவுகளிலிருந்துதான் வருகின்றன. மேலே உள்ள ஒரு முழ மண்தான் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது. அந்த மண் மெலிந்தால் பெய்த அன்றே வெள்ளம், மறுவாரமே வறட்சி. போதாததற்கு ஏரியில் வண்டல். வண்டல் அள்ள வருஷா வருஷம் அறிக்கை விடுகிறோம். அந்த வண்டல் எங்கிருந்து வந்தது என்று ஏரிக்கரையில் நிற்பவர்கள் ஒருமுறை மலையை நிமிர்ந்து பார்த்தால் தேவலை.

மலையடிவாரத்தில் காடு வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், அடுத்த மழை பெய்த மறுநாள் ஒரு கம்பியோடு காட்டுக்குப் போய்வாருங்கள். கிழக்கோரம் எத்தனை அங்குலம், மேற்கோரம் எத்தனை, வரப்புக்கு மேலே எத்தனை, கீழே எத்தனை என்று பட்டா நகலின் பின்பக்கத்தில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அரசாங்கம் அந்தக் கட்டத்தைச் சேர்க்கும்போது சேர்க்கட்டும். பிள்ளைகளுக்கு நிலத்தைப் பாகம் பிரிக்கும்போது அந்தக் குறிப்பும் உயிலோடு சேர்ந்து போகட்டும்.